ரியாத் வெயில்

மீரா உசேனுக்கு ஊரில் அடிக்கிற வெயில் ஒரு பொருட்டே இல்லை. கத்திரியில் தெருநாய்கள் வாய்க்கால் மதகுக்கு அடியில் போய் முடங்கிக் கிடக்கும். பாபநாசத்திலிருந்து வருகிற மினி பஸ் டிரைவர் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டுதான் ஸ்டியரிங்கைத் தொடுவார். இவர் மட்டும் பள்ளிவாசல் முனையில் நின்றுகொண்டு, குடை பிடித்து வருகிறவர்களை மறித்து, "இதெல்லாம் ஒரு வெயிலாங்க? ரியாத்ல ஆகஸ்ட் மாசம் வந்து பாருங்க. அம்பது டிகிரி. முட்டைய ஒடச்சு ரோட்டுல ஊத்துனா ஆம்லெட்டு" என்பார். கேட்பவர் சிரித்துவிட்டு நழுவப் பார்த்தாலும் விடமாட்டார். அடுத்தபடியாக, அந்த அம்பது டிகிரியில் தான் நின்று வேலை வாங்கிய கதை வரும்.

ரோடு போடுகிற கம்பெனியில் அவர் சூப்பர்வைசர் என்பது ஊருக்கே தெரியும். "ஏசி வண்டிய விட்டு நான் எறங்குனேன்னா போதும், அத்தனை பேரும் ஓடுவான்" என்று அவரே சொல்லியிருக்கிறார். கல்யாணமான மறு வருஷம் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியும் செண்ட்டுமாக வந்து, விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போவார். போன வருஷம்தான் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். மகள் ஷிஃபா அதற்குள் கல்யாணமாகி ஷார்ஜாவுக்குப் போய்விட்டாள். வீட்டில் அவரும் ஜன்னத் பீவியும் மட்டும்தான்.

இத்தனை காலம் தனியாக வீட்டை ஆண்டு பழகியவளுக்கு, பகலெல்லாம் ஓர் ஆம்பளை வீட்டுக்குள் நடமாடுவது வினோதமாக இருந்தது. ஊறுகாய் ஜாடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவருக்குக் காரம் எவ்வளவு ஒத்துக்கொள்ளும் என்று இவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதையாகத்தான் இருந்தார்கள். அந்த மரியாதைதான் ஜன்னத்துக்குச் சில நேரம் உறுத்தியது. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே அவ்வளவு மரியாதை ஆகாது என்று அவளுக்குத் தோன்றும்.

வீட்டிலும் சூட்டுக்குப் பஞ்சமில்லை. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, முகப்பெல்லாம் கண்ணாடி வைத்து, மாடி எடுத்துக் கட்டியது அவர் அனுப்பிய பணத்தில்தான். மாடி அறையில் சித்திரை வைகாசியில் மனுஷர் கால் வைக்க முடியாது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரி பூராவும் அதைக் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் கீழே படுக்கை, கீழே ஏசி. அந்த ஏசியின் வெளிப்பெட்டியோ பக்கத்து வீட்டு இர்ஃபானாவின் அடுப்படி ஜன்னலைப் பார்த்து ஊதியது.

"அக்கா, ஏசி குளிர உண்டாக்குதுன்னு நெனச்சீங்களா? ஒங்க வீட்டுச் சூட்ட வாரி என் வீட்டுல கொட்டுது. அவ்ளோதான்" என்பாள் இர்ஃபானா. தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவள். அவள் பேச்சுக்கு ஊரில் மதிப்பு உண்டு. மீரா உசேன் பெட்டியை இடம் மாற்றுவதாகச் சொன்னார். சொன்னதோடு சரி.

அந்த வருஷம் அவருக்கு விவசாயத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. அவர் வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டவர் நடராசன். அவரையே கூட்டாளியாக வைத்துக்கொண்டு, போர் தண்ணீரில் கோடை நெல் வைத்தார். பயிர் நன்றாகத்தான் வந்தது. அறுப்பு மிஷின் வயலை விட்டு ஏறியதும் ஏறாததுமாக, கத்திரி நடுவில் ஒரு கோடை மழை பிடித்துக்கொண்டது. அறுத்த நெல்லை ரோட்டோரம் குவித்துப் படுதா போட்டு மூடினார்கள். மறுநாளும் மூட்டம். அதற்கு மறுநாள்தான் வானம் விட்டது.

அன்று காலையில் ஜன்னத்தும் குவியலைப் பார்க்கப் போயிருந்தாள். நடராசன் படுதாவை விலக்கியபோது குப்பென்று ஓர் ஆவி முகத்தில் அடித்தது. புளித்த மாவு வாசனை. அவர் கையை முழங்கை வரை நெல்லுக்குள் விட்டுவிட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"உள்ள வேவுது பாய்."

"மழயில நனஞ்ச நெல்லு எப்படிங்க சுடும்?" என்று ஜன்னத் கேட்டாள். "யாரு நெருப்பு வச்சா?"

"நெருப்பு எதுக்கு பாயம்மா? நெல்லுக்கும் உசுரு இருக்குல்ல. ஈரம் பட்டா மூச்சு விட ஆரம்பிச்சிரும். அந்த மூச்சுச் சூடு வெளிய போவ வழியில்லாம நாமதான் மூடிட்டமே. உள்ளயே நின்னு ஏறிக்கிட்டே போவுது. இன்னும் ஒரு நாளு விட்டா மொளச்சிரும். இல்லன்னா பழுத்துரும். கொள்முதல்ல தொட்டுக்கூடப் பாக்க மாட்டான்."

"அப்ப இன்னிக்கே விரிச்சிரணும்" என்றார் மீரா உசேன்.

"விரிச்சிருவோம் பாய். ஆனா உச்சி வெயில்ல நிக்க வேணாம். காலேல ஒரு ஆட்டம், மூணு மணிக்கு மேல ஒரு ஆட்டம் கிண்டி விட்டாப் போதும். நடுவுல அது பாட்டுக்குக் காயட்டும். இன்னிக்கு மழ கழிஞ்ச வெயிலு. பொல்லாதது."

"நடராசன், நீங்க ரியாத்தப் பாத்ததில்ல."

"பாத்ததில்ல பாய்" என்று நடராசன் ஒப்புக்கொண்டார். அதற்குமேல் அவரால் என்ன சொல்ல முடியும்? ஊரில் யாராலும் அந்த ஒரு வார்த்தையைத் தாண்டி மீரா உசேனிடம் பேச முடிந்ததில்லை.

தார் ரோட்டின் ஒரு பாதியை மறித்துக் கல்லும் முள்ளும் வைத்து நெல்லை விரித்தார்கள். நடராசனின் மனைவி பிரகதாம்பாளும் இன்னும் இரண்டு பெண்களும் நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து, சால் பிடிப்பதுபோலக் கோடு போட்டார்கள். அடி நெல் மேலே வந்து காய்வதற்கு அதுதான் வழி. மீரா உசேன் நீளக் கம்பில் பலகை அடித்த தள்ளுபலகையைப் பிடித்துக்கொண்டார். தலையில் ஒரு தொப்பி. முழுக்கைச் சட்டை. காலில் ரியாத்திலிருந்து கொண்டுவந்த கனத்த பூட்ஸ்.

ஜன்னத் வீட்டுக்கு வந்து துணி துவைத்து மாடிக் கொடியில் போட்டாள். உலை வைத்து, கெண்டை மீன் குழம்பு வைத்து இறக்கிவிட்டு மறுபடி மாடிக்குப் போய்ப் பார்த்தால் துணி போட்டது போட்டபடியே சொதசொதவென்று இருந்தது. வெயில் என்னவோ கண்ணைப் பறிக்கிறது. தரை காலைச் சுடுகிறது. ஆனால் ஓர் இலை ஆடவில்லை. முந்தாநாள் பெய்த மழையெல்லாம் வயலிலிருந்து ஆவியாக எழும்பி, போக இடமில்லாமல் ஊருக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. அவள் கழுத்தில் வழிந்த வேர்வை காயாமல் வழிந்துகொண்டே இருந்தது. சும்மா நிற்கும்போதே இப்படியென்றால் ரோட்டில் என்ன கதி என்று நினைத்து, சோற்றுத் தூக்கையும் பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பிளாஸ்க்கில் பால் போடாத சுலைமானி டீ. வெயில் ஏற ஏறச் சூடாகக் குடிக்க வேண்டும் என்பது ரியாத் சட்டம்.

ரோட்டில் பெண்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். மோட்டார் கொட்டகையை ஒட்டிய புங்கமரத்து நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். நடராசன் நிழலின் விளிம்பில் நின்று, "பாய், போதும் வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நெல்லுக்கு நடுவே மீரா உசேன் ஒற்றை ஆளாகப் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தார். மேலே வெயில், கீழே தார், சுற்றிலும் ஈரநெல் விடுகிற ஆவி. புட்டுப் பானைக்குள் நிற்கிற மனுஷரைப் பார்ப்பதுபோல இருந்தது ஜன்னத்துக்கு.

"வாங்க, ஒரு வா சாப்புட்டுப் போங்க."

"காயவே மாட்டேங்குது" என்றார் அவர். "காலேலேர்ந்து தள்ளுறேன், அப்படியே ஈரமா கெடக்கு. என்னா நெல்லு இது!"

"இன்னிக்கு எதுவும் காயாது. கொடியில போட்ட துணியே காயல. வாங்க."

"நீ போ. முடிச்சிட்டு வர்றேன்."

அவர் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பலகையைத் திருப்பியபோது கால் ஒன்றை ஒன்று மிதித்துத் தடுமாறினார். நடராசன் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார். மீரா உசேன் அவரை வெடுக்கென்று உதறிவிட்டு, "யாரு நீ?" என்று கேட்டார்.

நடராசன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "நான் நடராசன், பாய்."

மீரா உசேன் பலகையைக் கீழே போட்டார். பூட்ஸோடு நெல்லின் மேலேயே உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார்.

எல்லாரும் ஓடிவந்து தூக்கிப் புங்கமரத்து நிழலில் கிடத்தினார்கள். நடராசன் நூற்றெட்டுக்குப் போன் போட்டார். சத்தம் கேட்டு ரோட்டோர வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இர்ஃபானாவும் வந்தாள். மீரா உசேன் கண் திறந்திருந்தது. பார்வை எங்கோ இருந்தது. உதடு அசைந்தது. அவர் பேசினார். தமிழில் இல்லை.

"...ஷம்ஸ்... யா முதீர்... ஷ்வய்ய... ஷ்வய்ய..."

கூட்டம் அடங்கியது. நடராசன் தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். இர்ஃபானா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெல்லச் சொன்னாள்:

"ஓதுறாரு."

அந்த ஊரில் அரபி என்றால் ஓதுவதற்கு உள்ளது. தொழுகையில் வரும், மையித்து விழுந்த வீட்டில் வரும், பிள்ளைகள் வாயில் மாலை நேரத்தில் கோரஸாக வரும். அதில் யாரும் தண்ணீர் கேட்டோ, திட்டியோ அவர்கள் கேட்டதில்லை. கேட்டவர்களெல்லாம் சவூதியில் கேட்டவர்கள். அவர்கள் யாரும் அப்போது அங்கே இல்லை.

"அக்கா, சத்தம் போடாதீங்க" என்று இர்ஃபானா ஜன்னத்தின் கையைப் பிடித்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது. "இந்த நேரத்துல வாயில ஓதல் வர்றது எல்லாருக்கும் கெடைக்காது. ஈமானோட இருக்காரு. குறுக்கப் பேசி நிறுத்திராதீங்க. துஆ செய்யுங்க."

சுற்றி நின்றவர்கள் ஓர் எட்டுப் பின்னால் போனார்கள். நல்ல சாவுக்கு, நல்ல மவுத்துக்கு விடுகிற மரியாதை அது. பிரகதாம்பாள்கூடக் கை கூப்பிவிட்டாள். ஜன்னத் பீவிக்கும் அரபி தெரியாது. ஓதத் தெரியும்; அர்த்தம் தெரியாது. கையை ஏந்தி உட்கார்ந்துவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. அப்படி உட்கார்ந்திருந்தால் அந்த மரத்தடியிலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

அப்போது அவர் சொன்னார்: "மோயா."

அவளுக்கு அந்த ஒரு சொல் தெரியும். அவர் முதல் முதல் லீவில் வந்திருந்தபோது தூக்கத்தில் அதைச் சொன்னார். ஒரு தடவை இல்லை, பல தடவை. விடிந்ததும் விடியாததுமாக, "யாருங்க அந்த மோயா?" என்று அவள் சண்டைக்கு நின்றாள். அங்கே ஏதோ பொம்பளை சிநேகம் என்று நினைத்து இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் விஷயம் தெரிந்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடிப் பைத்தியம், அரபில தண்ணிடி" என்றார்.

"அவரு ஓதல" என்றாள் ஜன்னத் பீவி. "தண்ணி கேக்குறாரு."

"அக்கா..."

"தண்ணி கேக்குறாரு, இர்ஃபானா! மோயான்னா தண்ணி. தள்ளுங்க எல்லாரும். நடராசண்ணே, இவரத் தூக்குங்க. தொட்டில போடணும்."

மோட்டார் கொட்டகைக்கு வெளியே சிமெண்டுத் தொட்டி இருந்தது. அரைத் தொட்டித் தண்ணீர். பிரகதாம்பாள் குறுக்கே வந்து நின்றாள்.

"வேணாம் பாயம்மா. ஒடம்பு கொதிக்கையில தண்ணியில போட்டா ஜன்னி கண்டுரும். படுதாவப் போத்தி வையுங்க. வேத்து எறங்கட்டும்."

"வேத்து எறங்காது. காலேலேர்ந்து வேத்துக்கிட்டுத்தான இருக்காரு? காயலையே! அந்த நெல்லு காஞ்சுதா? என் துணி காஞ்சுதா? இவரு எப்படிக் காய்வாரு? மூடி வச்சா அந்தக் குவியல் மாதிரி உள்ளயே வேவாரு."

நடராசன் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுவும் வெயில்ல கெடந்து சுட்டுப் போயிருக்கும்மா. போர் தண்ணி எறக்கலாம்னா மோட்டார் கரண்டு சாயந்தரந்தான் வரும். இந்த வெந்நிய ஊத்தி என்னா ஆவப் போவுது?"

ஜன்னத் இடது கையைத் தொட்டிக்குள் விட்டாள். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் இருந்தது தண்ணீர். வலது கையை அவர் கழுத்தில் வைத்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சட்டி மாதிரி இருந்தது கழுத்து. இரண்டு கையையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒரு மூச்சு நின்றாள்.

"தண்ணி சுடுதுதான். ஆனா இவரு இதவிடச் சுடறாரு. இவரு சூடு தண்ணிக்குத்தான் எறங்கும். எறங்கட்டும். தூக்குங்க!"

அவள் குரலில் அப்படியொரு அதிகாரத்தை ஊரார் கேட்டதில்லை. நடராசன் தலைமாட்டிலும் இரண்டு பேர் கால்மாட்டிலும் பிடித்துத் தூக்கினார்கள். பூட்ஸை இழுத்துப் போட்டு, சட்டையைக் கிழித்து, கழுத்தளவு தண்ணீரில் அமிழ்த்தினார்கள். ஜன்னத் தொட்டிக்குள் இறங்கி அவர் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். மறு கையால் உச்சியில் தண்ணீர் வாரி வாரி ஊற்றினாள். போனில் நூற்றெட்டுப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள்: "நனைச்சிக்கிட்டே இருங்க. விசிறுங்க. வாய்ல எதுவும் ஊத்தாதீங்க, பொரை ஏறிடும்." பிரகதாம்பாள் அதைக் கேட்டுவிட்டு, ஜன்னிப் பேச்சை விட்டுவிட்டு, இன்னொருத்தியைக் கூப்பிட்டுப் படுதாவின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் நெல் தூற்றக் காற்று உண்டாக்குகிற மாதிரி அதை வீசினார்கள்.

இர்ஃபானாவைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று ஜன்னத் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் தலையில் வெறும் முக்காட்டோடு மூச்சு வாங்க ஓடிவந்தாள். துப்பட்டியை மூட்டையாகக் கட்டித் தூக்கியிருந்தாள். வீட்டு பிரிட்ஜில் இருந்த ஐஸ் அத்தனையும், மீன்காரர் வீட்டுப் பெட்டி ஐஸும் அதில் இருந்தன.

"எங்கக்கா வைக்கணும்?"

"அக்குள்ள வையி. கழுத்துல வையி."

இர்ஃபானா வைத்தாள். வைத்துக்கொண்டே அழுதாள். ஐஸ் கரைந்து ஓடியது.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் கண்ணில் கொஞ்சம் அடையாளம் தெரிந்தது. ஜன்னத்தின் தம்பி சைபுல்லா பஜாரில் செல்போன் கடை வைத்திருப்பவன். செய்தி கேட்டுக் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தவன், வண்டி கிளம்பும்போது ஓடி ஏறிக்கொண்டான். வழி நெடுக மீரா உசேன் அரபியில் முனகிக்கொண்டே வந்தார். சைபுல்லா அவர் காலைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

கும்பகோணத்து ஆஸ்பத்திரியில் இளம்வயது டாக்டரம்மா ஒருத்தி பார்த்தாள். மறுநாள் காலையில்தான் ஜன்னத்தைக் கூப்பிட்டு, பயப்படும் கட்டம் தாண்டிவிட்டது என்று சொன்னாள். சிறுநீரகத்தை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் கவனிக்க வேண்டும்.

"நல்ல வேளை அங்கயே நனைச்சீங்க. அப்படியே தூக்கிட்டு வந்திருந்தீங்கன்னா கஷ்டம்தாம்மா."

"அவரு ரியாத்ல அம்பது டிகிரியில இருந்தவருங்க. இங்க நாப்பதுகூட இல்லைங்களே?"

"அங்க காத்து வறட்சி. வேர்வை வந்ததும் காஞ்சிடும். காயறப்போ ஒடம்புச் சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போயிடும். இங்க காத்துலயே தண்ணி நெறஞ்சிருக்கு, வேர்வைய வாங்கிக்க அதுல எடமில்ல. டிகிரிய மட்டும் பாத்து ஏமாறக் கூடாதும்மா. அதுக்காக அங்க நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இல்ல. அதுவும் கொல்லும்."

வராந்தா பெஞ்சில் சைபுல்லா டீ வாங்கி வைத்திருந்தான். ஜன்னத் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து அவன் முகமே சரியில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள்.

"வண்டில மச்சான் பேசுனது உனக்குப் புரிஞ்சுதா?"

"புரியாம இருக்குமா. நானும் ஜித்தாவுல குப்ப கொட்டுனவன்தான?"

"என்ன சொன்னாரு?"

"வுடுக்கா. காய்ச்ச வேகத்துல ஆயிரம் ஒளறுவாங்க."

"சொல்லு தம்பி."

அவன் டீயைக் கீழே வைத்தான். "முதீர்கிட்ட கெஞ்சிக்கிட்டு வந்தாரு."

"முதீர்னா யாரு?"

"பெரியாளு. வேலை வாங்கறவன்."

"வேலை வாங்கறவரு இவருதானே?"

வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி கிறீச்சிட்டுக்கொண்டே போனது. அது போய் முடிகிற வரைக்கும் ஜன்னத் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'வெயிலு தாங்கல. முடியல. கொஞ்ச நேரம் நெழல்ல உக்காந்துக்கறேன். கொஞ்சம் தண்ணி குடுங்க. ஊருக்கு மட்டும் அனுப்பிராதீங்க.' இதத்தான் திருப்பித் திருப்பி சொன்னாரு." அவன் குரல் இறங்கியது. "மச்சான் சூப்பர்வைசர் இல்லக்கா. தார் கொட்டுற வேலை. வண்டி தாரக் கொட்டிக்கிட்டே போவும், பின்னாலயே நடந்து பலகையால இழுத்து விடணும். மேல வெயிலு, கீழ கொதிக்கிற தாரு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நான் போன புதுசுலயே தெரியும். ஒரு தடவ ரியாத் போயிருந்தேன். ரோட்டுல வேலை நடக்குதுன்னு டாக்ஸி நின்னுச்சு. மூஞ்சியெல்லாம் துணி சுத்திக்கிட்டு மஞ்சச் சட்டையில நிக்கிறாங்க. கண்ண வச்சு அடையாளம் தெரிஞ்சுது. அவரும் என்னப் பாத்துட்டாரு. ரெண்டு பேரும் பாக்காத மாதிரி இருந்துட்டோம்."

"எங்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலயா?"

"சவூதி போனவன் இன்னொருத்தன் வேலைய ஊருல வந்து சொல்ல மாட்டான்க்கா. நான் கடையில மேனேஜர்னு உங்கிட்ட சொன்னேன். கக்கூஸ் கழுவுனேன். மச்சானுக்கு அது தெரியும். எங்கயாவது வாய விட்டாரா?"

ஜன்னத்துக்கு முதலில் வந்தது கோபம். பெண்டாட்டியிடம்கூடவா ஒரு மனுஷன் இத்தனை வருஷம் நடிப்பான்? பிறகு கோபம் நின்ற இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. ஏசி அறையில் இருந்தவர் தூக்கத்தில் ஏன் தண்ணீர் கேட்டார் என்று தனக்கு அன்றைக்கு ஏன் தோன்றவில்லை? ஷிஃபாவுக்கு அம்மை போட்டிருந்தபோது, கரண்டும் இல்லாத ஒரு வைகாசியில், போனில் அவரிடம் கத்தியிருக்கிறாள்: "நீங்க அங்க ஏசியில சொகமா இருங்க, நாங்க இங்க வெந்து சாவுறோம்." அவர் சிரித்தார். அடுத்த மாதமே இன்வெர்ட்டர் வாங்கிப் போடச் சொன்னார். அந்தக் காற்றில்தான் இவள் தூங்கினாள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சைபுல்லா டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் எழுந்து போனான்.

சாயங்காலம் மீரா உசேன் நன்றாகவே கண் விழித்தார். முகம் வற்றி, காதோரம் தோல் உரிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் முதலில் கேட்டது நெல்லைத்தான்.

"நடராசண்ணன் பாத்துக்கறாங்க. நேத்து மூணு மணிக்கு மேல காத்து எழும்பிருச்சாம். பாதிக்கு மேல தேறிரும்னாங்க."

"ம்." கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கூட்டம் கூடிருச்சா?"

"கூடுச்சு."

"யாரு யாரு?"

"எல்லாருந்தான்."

அவர் போர்வை ஓரத்தை விரலால் திருகினார். அந்தக் கையை அவள் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் காய்த்துக் கிடந்தது. வந்து ஒரு வருஷமாகியும் அது இளகவில்லை. இதே கையில்தான் தினமும் டீ கிளாஸைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஜன்னத், நான் ஏதாவது பேசுனனா?"

சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. தார் ரோட்டில் விழுந்தபோதுகூட அவர் இவ்வளவு பயந்திருக்கமாட்டார். ஊர் முழுக்க நின்ற மரத்தடியில், அவர் ஓதவில்லை என்று கத்தி அவரை மீட்டவள் இவள்தான். இப்போது அதே வாயால் சொன்னாள்:

"ஓதுனீங்க."

"ஓதுனனா?"

"ஆமா. அரபில. ஊரே கேட்டுச்சு. இர்ஃபானாவே சொன்னா. இந்த நேரத்துல வாயில ஓதல் வர்றது எல்லாருக்கும் கெடைக்காதுன்னு அழுதுட்டா."

அவர் அவளையே பார்த்தார். "சைபு வண்டில வந்தானாமே?"

"வந்தான்."

"அவன் ஒண்ணும் சொல்லலையா?"

"அவன் என்ன சொல்லுவான்? மச்சான் நல்லா ஓதுனாங்கன்னுதான் சொன்னான்."

சைபுல்லாவுக்கு ஓதல் எது, பேச்சு எது என்று தெரியாமல் இருக்குமா? இரண்டு பேருக்கும் அது தெரியும். தெரிந்தும் அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. மீரா உசேனின் நெஞ்சு ஒரு தடவை மேலே ஏறி இறங்கியது. கண்ணோரத்தில் கசிந்து காதுப்பக்கம் ஓடியது. அவர் துடைக்கவில்லை. அவளும் பார்க்காத மாதிரி இருக்கவில்லை. குனிந்து தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"ஜன்னத்."

"சொல்லுங்க."

"முடியலடி."

அந்தச் சொல்லைத் தமிழில் அவர் வாயிலிருந்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. கப்பல் கப்பலாகச் சாமான் அனுப்பிய காலத்தில் வராத சொல். எத்தனையோ ராத்திரி போனில், தூரத்தில், பேச எதுவும் இல்லாமல் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தபோதும் வராத சொல்.

"தெரியும்" என்றாள் ஜன்னத் பீவி. "கொஞ்சம் தள்ளிப் படுங்க."

அவர் தள்ளிப் படுத்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சின்னக் கட்டிலின் ஓரத்தில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்துகொண்டாள்.